"எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே!"

மார்பில் கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டதும் சித்தி டாக்டரிடம் போனார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அவர் சொன்னது: "எங்க குடும்பத்துல யாருக்கும் கேன்சர் கிடையாது டாக்டர்." டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இங்க வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்றார்.

அவர் சொன்னதில் மிகையே இல்லை. மார்பகப் புற்றுநோயில் பெற்றோர் வழியாக வந்த மரபணுக் கோளாறால் உண்டாவது நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான். நோய் வருபவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, பெண்ணாகப் பிறந்ததும் 40 வயதைத் தாண்டியதும் தவிர சொல்லும்படியான ஆபத்துக் காரணி வேறு எதுவும் இருப்பதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வம்சத்தில் இல்லை என்ற தைரியத்தில் கட்டியை ஆறு மாதம் தள்ளிப்போடுவதுதான், என்னைக் கேட்டால், இருக்கிற தவறுகளிலேயே பெரியது.

சரி, வம்சக் கணக்கையாவது ஒழுங்காகப் போடுகிறோமா? அம்மா, பாட்டி, பெரியம்மா என்று தாய் வழியோடு நிறுத்திவிடுகிறோம். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்களுக்கு, பழுதான டிஎன்ஏவைச் சரிசெய்யும் வேலை. அவற்றில் ஒன்று கெட்டிருந்தால் அது அப்பாவிடமிருந்தும் பிள்ளைக்கு வரலாம், சரிபாதி வாய்ப்பு. அப்பா கடைசி வரை ஆரோக்கியமாகவே இருந்திருக்கலாம். அதே கோளாறு சினைப்பையிலும் புற்றுநோயை உண்டாக்கலாம். சித்தியின் அத்தை, அதாவது எங்கள் தாத்தாவின் தங்கை, நாற்பது சொச்ச வயதில் "வயித்துக் கட்டி"யில் போனவர். வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். டாக்டர் துருவித் துருவிக் கேட்ட பிறகு டிரங்குப் பெட்டியைக் குடைந்ததில், மடிப்பில் கிழிந்துபோன ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று கிடைத்தது. சினைப்பைப் புற்று என்று அதில் எழுதியிருந்தது. மரபணுச் சோதனை என்ற பேச்சே அதற்கு அப்புறம்தான் வந்தது.

இதற்கிடையில் சித்தி தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். பேரன் ஓடி வந்து மார்பில் தலையால் முட்டினானாம், அதனால்தானாம். அடிபட்டதால் புற்றுநோய் வருவதில்லை. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது, ஏற்கெனவே இருந்த கட்டி கையில் படுகிறது, அவ்வளவுதான். பாவம், அந்தப் பயல் மீது பழி. கறுப்பு பிரா, இறுக்கமான பிரா, அக்குளில் அடிக்கும் வாசனை ஸ்பிரே என்று வாட்ஸ்அப்பில் சுற்றுபவற்றுக்கும் உருப்படியான ஆதாரம் கிடையாது.

"மூணு பிள்ளைக்குப் பால் கொடுத்தேனே, எனக்கு எப்படி?" என்பது அடுத்த கேள்வி. தாய்ப்பால் கொடுப்பது ஆபத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு? 30 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்குப்படி, பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் சுமார் 4.3 சதவீதம். நல்ல விஷயம்தான், ஆனால் காப்புக் கயிறு இல்லை. 12 வயதுக்கு முன்பே பெரியவளாவது, 55க்குப் பிறகு மாதவிடாய் நிற்பது, முதல் பிள்ளையை 30க்கு மேல் பெறுவது அல்லது பெறாமலே இருப்பது எல்லாம் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும். ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோன்களின் தாக்கம் உடம்பில் நீண்ட காலம் இருப்பதுதான் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இதை வைத்துக்கொண்டு "லேட்டா கல்யாணம் பண்ணினா இப்படித்தான்" என்று நோயாளியின் கட்டிலருகே நின்று சொல்கிற உறவினர்களை என்ன செய்வது?

நம் கையில் இருப்பவற்றைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை ஓய்ந்துவிடும். அப்போது ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் உடம்புக் கொழுப்பில்தான் உருவாகிறது. அதனால் அந்த வயதில் எடை ஏறுவது வெறும் மூட்டுவலிச் சமாச்சாரம் அல்ல. மது, கொஞ்சமாகக் குடித்தாலும், ஆபத்தைக் கூட்டும். மாதவிடாய் நின்றபின் வரும் உடல் சூட்டுக்கு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவர்கள், எத்தனை வருடம் தொடரலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவது இன்னொன்று. புற்றுக் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. அதே சமயம், மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயும் அல்ல. எது எது என்பதை மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, ஸ்கேன், தேவைப்பட்டால் பயாப்ஸி (கட்டியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது) செய்துதான் சொல்ல முடியும். அந்த ஊசியைக் குத்தினால் புற்று பரவிவிடும் என்று பயந்து சித்தி மூன்று வாரத்தை வீணாக்கினார்.

மரபணுச் சோதனைக்குச் சித்தி ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்று மாமாவிடமும் விவரம் சொன்னோம். "பொம்பளைங்க வியாதி, எனக்கெதுக்குடா?" என்றார். மார்பகப் புற்றுநோய் வருபவர்களில் நூறில் ஒருவர் வரை ஆண்கள் என்று சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை. மாமாவுக்கு இரண்டு பெண்கள்.