பல் பிடுங்கிய பிறகு: முதல் சில நாள் என்ன செய்வது?

பல் போன குழியில் ரத்தம் உறைந்து மூடி நிற்கும். உள்ளே இருக்கும் எலும்பையும் நரம்பையும் காப்பது அதுதான், அதனால் அது பெயராமல் பார்த்துக்கொள்வதே முக்கால்வாசி வேலை.

முதலில் பஞ்சு. மருத்துவர் வைத்ததை அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்தபடி இருங்கள், ரத்தம் நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். எம்ஆர்டி ரயிலில் போகும்போது யாராவது அழைத்தால் வாயைத் திறக்காமல் வாட்ஸ்அப்பில் பதில் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கக்கூடாது, துப்பக்கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக்கூடாது. கோப்பிக்கடையில் பையில் கட்டித் தரும் தே பெங் (ஐஸ் போட்ட தேநீர்), பபள் டீ எல்லாம் இதில் அடக்கம். எச்சில் லேசாகச் சிவந்திருந்தால் பயம் வேண்டாம், துளி ரத்தமே வாய் நிறைய எச்சிலைச் சிவப்பாக்கிவிடும். சிகரெட்டைக் குறைந்தது 3 நாளைக்குத் தொடாதீர்கள், இதில் நான் சமரசம் செய்யமாட்டேன். ஜிம், ஓட்டம், பாரம் தூக்குவது எல்லாம் இரண்டு மூன்று நாள் காத்திருக்கட்டும், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கொடுத்தால் வாங்கிக்கொண்டு வீட்டில் படுங்கள், தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி.

மரத்துப்போனது தெளிவதற்குள் வலி மாத்திரையைப் போட்டுவிடுவது நல்லது. பெரியவர்கள் பனடால் (பாராசிட்டமால்) 500 மில்லிகிராம் என்றால் ஒரு தடவைக்கு 2, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு 8-க்கு மேல் கூடாது. கல்லீரல் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான். வலிக்கென்று ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக் கசிவு கூடும். ஆனால் இதயத்துக்காக ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடக்கூடாது. முதல் நாள் கன்னத்துக்கு வெளியே, துணியில் சுற்றிய ஐஸ், 15 நிமிடம் வைத்து எடுத்து மறுபடி வைக்கலாம்.

சாப்பாடு? மரத்த உதடு தெளியும்வரை எதையும் மெல்லாதீர்கள், உதட்டையே கடித்துவிடுவீர்கள். அப்புறம் ஆறின கஞ்சி, குழைத்த தயிர் சாதம், சட்னி இல்லாத இட்லி, ஹாக்கர் சென்டர் மீன் கஞ்சியும் ஆறட்டும். சம்பால் (மிளகாய்த் துவையல்), முறுக்கு, கச்சான் (வேர்க்கடலை) கண்ணில் படாமல் இருக்கட்டும். மெல்வது மறுபக்கத்தில்.

மறுநாளிலிருந்து ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு தடவையும். வேகமாகக் கொப்பளிக்காமல், தலையை மெல்லச் சாய்த்து நீர் அந்தப் பக்கம் போய் வரவிட்டு, அப்படியே வழியவிடுங்கள். மற்ற பற்களை வழக்கம்போல் துலக்கலாம், குழியை மட்டும் பிரஷ், நாக்கு, பல்குச்சி எதாலும் சீண்டாதீர்கள். கிராம்புத் தைலத்தை உள்ளே விடச் சொல்லி வீட்டுப் பெரியவர்கள் வருவார்கள், சரி சரி என்று கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள்.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டாம், மூன்றாம் நாளில் அது கூடி காதுவரை இழுத்து, வாயும் நாறினால் உறைந்த ரத்தம் பெயர்ந்திருக்கலாம். டிரை சாக்கெட் என்பார்கள். பல் மருத்துவர் கழுவி மருந்து வைத்தால் பெரும்பாலும் சீக்கிரமே தணியும், பழைய ஆன்டிபயாட்டிக்கைத் தேடி எடுக்காதீர்கள். காய்ச்சல், சீழ், மறுபடி பஞ்சு கடித்தும் நிற்காத ரத்தம் என்றாலும் உடனே போங்கள். வீக்கத்தால் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண் 995-ஐ அழையுங்கள்.