முதல் குதிரையேற்ற வகுப்புக்கு என்ன போட்டுக்கொண்டு போவது?

வகுப்புக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது, சனிக்கிழமை காலை ஆறரைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். சரி, எதைப் போட்டுக்கொண்டு போவது? இணையத்தில் தேடினால் முட்டிவரை ஏறும் கறுப்புத் தோல் பூட்ஸ், வெள்ளை பேன்ட், கோட்டு என்று போட்டி நாள் உடையைத்தான் காட்டுகிறார்கள், விலையைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு ஆசையே போய்விடும். முதல் வகுப்புக்கு அதில் எதுவும் வேண்டாம். தலைக்குச் சரியான ஹெல்மெட், காலுக்குச் சரியான ஷூ, இந்த இரண்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது.

மெரினாவிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் செருப்புக் காலோடு குதிரை ஏறியிருக்கிறேனே, ஒன்றும் ஆகவில்லையே என்று சிலர் கேட்பார்கள். அங்கே குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்தபடி கூடவே நடக்கிறார், நீங்கள் உட்கார்ந்திருந்தால் போதும். வகுப்பில் உங்கள் கால்தான் வேலை செய்ய வேண்டும். நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவிடுவார்கள், முதலில் நடை, கொஞ்சம் பழகியதும் டிராட் என்கிற குலுங்கல் ஓட்டம். அவ்வளவு நேரமும் தொடையின் உள்பக்கமும் கெண்டைக்காலும் சேணத்தில் உரசிக்கொண்டே இருக்கும். அதனால் எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் இது உரசுமா, எதிலாவது மாட்டுமா என்று மட்டும் பாருங்கள்.

படி 1: முந்தின நாள் ஒரு போன்

பயிற்சிப் பள்ளிக்குப் போன் செய்து என் அளவுக்கு ஹெல்மெட் இருக்குமா என்று கேளுங்கள். அதற்கு முன் தையல் டேப்பால் புருவத்துக்கு மேலே நெற்றியைச் சுற்றி அளந்து, எத்தனை செ.மீ. என்று குறித்துக்கொண்டு அந்த எண்ணைச் சொன்னால் அவர்களுக்கும் சுலபம். கெண்டைக்கால் உரசாமல் இருக்கச் சுற்றிக் கட்டும் உறையான ஹாஃப் சாப்ஸ் இரவல் தருவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். குழந்தையை அனுப்புகிறீர்கள் என்றால் மார்பையும் முதுகையும் காக்கும் பாடி புரொடெக்டர் இருக்கிறதா என்று கேட்பது நல்லது, அதில் ஈஎன் 13158 என்ற ஐரோப்பியத் தர எண் போட்டிருக்கும். ஹெல்மெட்டே இல்லை, தேவையும் இல்லை என்று பதில் வந்தால் வேறு பள்ளி பாருங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

படி 2: ஷூ

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஜிம்முக்குப் போடும் ஸ்போர்ட்ஸ் ஷூதான் பாதுகாப்பு என்று நினைத்துவிடுகிறோம்.

அங்கவடியில், அதாவது ஸ்டிரப்பில், கால் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். முன்பாதத்தின் அகலமான பகுதி மட்டும் இரும்பின் மேல் இருக்க வேண்டும், குதிகால் வெளியே கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். குதிரை திடீரென்று ஒதுங்கினால் புதிதாக ஏறியவரின் பாதம் முன்னால் வழுக்கும். ஷூவில் குதி, அதாவது ஹீல், இருந்தால் அந்தக் குதி இரும்பில் தட்டி நின்றுவிடும். அடிப்பாகம் தட்டையாக இருந்தால் பாதம் முழுசாக உள்ளே போய்விடும். அந்த நிலையில் கீழே விழுந்தால் கால் மாட்டியபடி இழுபட நேரிடும். விழுவதைவிட மோசமானது அதுதான். அதனால்தான் குதி, குதி என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வேண்டியது இதுதான்: கணுக்காலை மூடும் ஷூ, இரண்டு இரண்டரை செ.மீ. உயரக் குதி, அதிகம் வெட்டு இல்லாத வழவழப்பான அடிப்பாகம். பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த செல்சி பூட்ஸ் இருந்தால் அருமை, நம்ம ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத் தோல் ஷூக் கடைகளிலேயே அந்த மாதிரி கிடைக்கும், குதிரைக்கென்று தனியாகத் தேட வேண்டியதில்லை. அதுவும் இல்லையா, ஆபீசுக்குப் போடும், சின்னக் குதி வைத்த, பழைய கறுப்புத் தோல் ஷூ முதல் நாளுக்குப் போதும். கணுக்காலை மூடாது, ஆனால் அங்கவடியில் சரியாக நிற்கும். லேஸ் இருந்தால் முடிச்சின் காதுகளை ஷூவுக்குள்ளே செருகிவிடுங்கள்.

ரப்பர் கம்பூட் வேண்டாம், அகலத்தால் இரும்பில் இறுகிக்கொள்ளும். மலையேற்ற ஷூவின் ஆழமான வெட்டுகளும் அப்படித்தான் மாட்டும். செருப்பு, சாண்டல், கிராக்ஸ் எதுவும் வேண்டாம், ஏறும் முன்பே குதிரைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும், நானூறு ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணி, லாடம் அடித்த குளம்பை உங்கள் விரல்மேல் வைப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

சாக்ஸ் முட்டிவரை ஏற வேண்டும். கால்பந்து ஆடுகிறவர்கள் போடும் நீளச் சாக்ஸ் இதற்கு ரொம்பப் பொருத்தம். அங்கவடியைத் தாங்கும் தோல் பட்டை கெண்டைக்காலின் உள்பக்கத்தைக் கிள்ளிக்கொண்டே இருக்கும், வீட்டுக்கு வந்து குளிக்கும்போது எரியும்போதுதான் எங்கே கிள்ளியது என்று தெரியும். ஹாஃப் சாப்ஸ் கிடைக்காத அன்று இந்தச் சாக்ஸ்தான் காப்பாற்றும்.

படி 3: பேன்ட்

இழுத்தால் கொடுக்கும் துணி, உள்தொடையில் தடித்த தையல் இல்லாதது, உடம்போடு ஒட்டி நிற்பது. கொஞ்சம் கனமான பருத்தி லெக்கிங்ஸ் முதல் தேர்வு, நன்றாக இழுபடும் ஸ்ட்ரெச் ஜீன்ஸ் அடுத்தது. சாதாரண ஜீன்ஸைத் தவிருங்கள். அதன் உள்பக்க மடிப்புத் தையலை விரலால் தடவிப் பாருங்கள், கயிறு மாதிரி இருக்கும், டிராட்டில் ஒவ்வொரு குலுங்கலுக்கும் அதன்மேல்தான் உட்கார்ந்து எழுவீர்கள். நைலான் டிராக் பேன்ட் உரசாது, ஆனால் தோல் சேணத்தில் வழுக்கும், ஏற்கெனவே சமநிலை தேடித் தவிக்கிறவருக்கு அது வேறு தொல்லை. தொடையில் பை வைத்த கார்கோவும் அரைக்கால் சட்டையும் கூடவே கூடாது.

குதிரையேற்றத்துக்கென்றே வரும் ஜோத்பூர் பேன்ட் நம்ம சுடிதார் பேன்ட்டின் வழிவந்ததுதான், தொடையில் தாராளமாகவும் முட்டிக்குக் கீழே இறுக்கமாகவும் தைத்தது. 1897-ல் விக்டோரியா அரசியின் வைரவிழாவுக்கு லண்டன் போன ஜோத்பூர் சர் பிரதாப் சிங்கும் அவருடைய போலோ ஆட்டக்காரர்களும் அணிந்திருந்ததைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர்களிடம் அது பரவியது. பிற்பாடு இழுபடும் துணிகள் வந்ததும் தொடைப் பகுதியும் ஒட்டிக்கொண்டது. ஆக, காலோடு ஒட்டும் பருத்திச் சுடிதார் பேன்ட் உங்களிடம் இருந்தால் தயங்காமல் போடலாம். மேலே போடும் நீளக் குர்தாவும் துப்பட்டாவும்தான் ஆகாது.

உள்ளாடையைப் பற்றிக் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். பெண்களுக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா கட்டாயம் வேண்டும். ஆண்கள் தளர்ந்த பாக்ஸர் போடாமல் உடம்போடு நிற்கும் பிரீஃப் போடுங்கள். இரு பாலருக்கும் ஓரத் தையல் மெல்லியதாக இருக்கட்டும்.

படி 4: மேல்சட்டை

இடுப்புவரை வரும் பருத்தி டிஷர்ட் போதும், உள்ளே செருகிக்கொள்ளுங்கள். தொளதொளவென்று இருந்தால் உங்கள் முதுகு நிமிர்ந்திருக்கிறதா என்று பயிற்சியாளருக்குத் தெரியாது. சென்னை மாதிரி ஊரில் ஏழரை மணிக்கே வெயில் ஏறிவிடும், மெல்லிய முழுக்கை இருந்தால் தோலுக்கு நல்லது. மழைக்காலத்தில் போன்சோ மாதிரி படபடக்கும் மழைக்கோட்டும் சரசரக்கும் பிளாஸ்டிக் ஜாக்கெட்டும் வேண்டவே வேண்டாம். குதிரைக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கின்றன, பின்னால் படபடப்பதும் கண்ணில் படும், மிரளும்.

கையுறை முதல் நாள் கட்டாயமில்லை. ஆனால் லகான் சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் போகும், மென்மையான கை என்றால் அங்கேதான் கொப்புளம் வரும். உள்ளங்கையில் புள்ளிப் புள்ளியாக ரப்பர் வைத்த மெல்லிய பின்னல் கையுறை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், அது போதும்.

படி 5: தலைமுடி, ஹெல்மெட்

அன்று காலை தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், ஹெல்மெட் நழுவும். நீள முடியைக் கழுத்துக்குக் கீழே வரும்படி தாழ்வாகப் பின்னுங்கள், உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது. மல்லிகைப் பூவும் கிளிப்பும் ஹேர்பின்னும் வீட்டிலேயே இருக்கட்டும். ஹிஜாப் அணிகிறவர்கள் ஊசி குத்தாத மெல்லிய உள்தொப்பியோடு ஹெல்மெட் போட்டுக்கொள்ளலாம். பலர் போட்ட ஹெல்மெட் என்று தயக்கம் இருந்தால் மற்றவர்களும் மெல்லிய பருத்தித் துணித் தொப்பி ஒன்று கொண்டுபோகலாம், தடித்த துண்டு மட்டும் வேண்டாம்.

பைக் ஹெல்மெட் போடலாமா? கூடாது. அது ஐஎஸ்ஐ முத்திரை வாங்குவது ஐஎஸ் 4151 என்ற தரத்தின்படி, சாலை விபத்துக்கானது. கனம் அதிகம், பக்கப் பார்வையையும் பயிற்சியாளர் குரலையும் மறைக்கும். சைக்கிள் ஹெல்மெட் பின்மண்டையைப் போதுமான அளவு மூடுவதில்லை. குதிரை ஹெல்மெட்டுக்குத் தனித் தரங்கள் இருக்கின்றன, உள்ளே லேபிளில் ஈஎன் 1384, விஜி1, பிஏஎஸ் 015, ஏஎஸ்டிஎம் எஃப்1163 இவற்றில் ஒன்றைத் தேடுங்கள். மேலே வெல்வெட் ஒட்டிய, தாடைக்கு வெறும் எலாஸ்டிக் வைத்த பழைய தொப்பியைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது அலங்காரத்துக்கு மட்டும்.

கையில் கிடைத்ததும் திருப்பிப் பார்த்து, உள்ளே இருக்கும் நுரை வெடித்திருக்கிறதா, பட்டை பக்கிள் பூட்டுகிறதா என்று சோதியுங்கள். தலையில் நேராக வையுங்கள், பின்னால் சரியக் கூடாது, முன்விளிம்பு புருவத்துக்கு ஒன்றிரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். பட்டையைப் பூட்டாமல் ஹெல்மெட்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். நெற்றித் தோலும் கூடவே அசைந்தால் அளவு சரி. தோல் அப்படியே நிற்க, ஹெல்மெட் மட்டும் நகர்ந்தால் சின்ன சைஸ் கேளுங்கள். கடைசியில் பட்டை, தாடைக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் போகும் அளவுக்கு இறுக்கம்.

படி 6: கழற்றி வைக்க வேண்டியவை

மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, ஜிமிக்கி, கைக்கடிகாரம் எல்லாம். லகான் திடீரென்று இழுபட்டால் மோதிரம் விரலைக் கிழித்துவிடும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் சட்டைக்குள்ளே போட்டு, நகராதபடி உள்ளாடையோடு ஒதுக்கிக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு எலாஸ்டிக் பட்டை மாட்டுங்கள். போனைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள், படம் எடுக்க வேண்டுமென்றால் வெளியில் நிற்பவரிடம் கொடுங்கள். சென்ட் அடிக்க வேண்டாம்.

படி 7: வீட்டிலேயே ஒரு ஒத்திகை

எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, முந்தின நாள் இரவே, இடது காலை நாற்காலிமேல் தூக்கி வைத்து அதன்மேல் ஊன்றி எழுந்து பாருங்கள், ஏறும்போது கிட்டத்தட்ட அவ்வளவு உயரத்துக்குத்தான் காலைத் தூக்க வேண்டும். அப்புறம் பத்துத் தோப்புக்கரணம். பேன்ட் முட்டியில் பிடித்தாலோ, இடுப்பில் இறங்கினாலோ, தையல் முனகினாலோ மாற்றிவிடுங்கள்.

படி 8: லாயத்துக்குப் போனதும்

ஏறுவதற்கு முன் உங்கள் ஷூவை அங்கவடியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஷூவின் இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் இடைவெளி இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் கால் மாட்டும், ரொம்ப அதிகமானால் முழுப் பாதமும் நுழையும். புதிதாக வருகிறவர்களுக்கு வெளிப்பக்கம் தடித்த ரப்பர் வளையம் வைத்த பாதுகாப்பு அங்கவடியைச் சில இடங்களில் மாட்டுவார்கள், விழுந்தால் அந்த ரப்பர் கழன்று காலை விட்டுவிடும். இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

பையில் தண்ணீர், துண்டு, மாற்றுச் சட்டை, வீட்டுக்குப் போக ஒரு செருப்பு. திரும்பி வந்ததும் குதிரை முடியும் புழுதியும் ஒட்டிய துணியைத் தனியாக உதறித் துவையுங்கள்.

சில வாரம் போய் இது நமக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தபின் காசு செலவழிக்க நினைத்தால், முதலில் சொந்த ஹெல்மெட், புதிதாக, யாரும் போட்டு விழாததாக. பலமாக ஒரு அடி வாங்கிய ஹெல்மெட்டுக்குள் நுரை நசுங்கியிருக்கும், வெளியே கீறல்கூடத் தெரியாது, அதனால் செகண்ட் ஹேண்டில் வாங்கவே வேண்டாம். அடுத்தது குதி வைத்த கணுக்கால் பூட்ஸும் ஹாஃப் சாப்ஸும், ஆரம்பநிலைக்கானவையே போதும். முட்டிவரை ஏறும் அந்தத் தோல் பூட்ஸைப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.