மழைக்காலப் பூமலையைக் கோட்டை விடும் வழிகள்

டிசம்பர் பிறந்ததும் சிங்கப்பூரில் நம்மில் பலர் குளிர்காலத்தைத் தேடிக் கரையோரப் பூந்தோட்டங்களின் குளிரூட்டிய கண்ணாடிக் கூடத்துக்குள் நுழைகிறோம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குளிர் ஆண்டு முழுவதும் அங்கேதான் இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஊரையே குளிர்விக்கும் நாள்களில், காசில்லாமல் நுழையக்கூடிய பூமலையை, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தை, விட்டுவிட்டு நுழைவுச்சீட்டுக்கு வரிசையில் நிற்பானேன்?

மழை என்றதும் பயணத்தைத் தள்ளிப்போடுபவர்கள் இழப்பது புறா ஆர்க்கிட்டை. மரக்கிளைகளில் ஒட்டி வளரும் இந்த மண்ணின் செடி அது. அதன் மொட்டுகள் பாதி வளர்ந்து உறங்கிக் கிடக்கும். பெருமழையில் வெப்பநிலை திடீரென 5 டிகிரி அளவுக்கு இறங்கினால் விழித்துக்கொள்ளும். ஏறத்தாழ 9 நாள் கழித்து, அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒரே நாளில் பூக்கும். வெள்ளைப் பூ, நல்ல மணம், ஆயுள் ஒரு நாள்தான். மறுநாள் போனால் வாடியதைத்தான் பார்ப்பீர்கள். ஆகவே மழை கொட்டித் தீர்த்த தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். போனால் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு அண்ணாந்து பாருங்கள். பூ இருப்பது கிளையில்.

நிதானமாகப் பசியாறிவிட்டுக் கிளம்புவதும் சரிப்படாது. இந்தப் பருவத்தில் மழை பெரும்பாலும் பிற்பகலில் பிடித்துக்கொள்ளும். தோட்டமோ காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறது.

அன்னப்பறவை ஏரியில் படம் எடுத்துக்கொண்டு திரும்புபவர்கள், 1859இல் தோட்டம் உருவாகும் முன்பே அங்கிருந்த மழைக்காட்டைப் பார்ப்பதே இல்லை. சுமார் 6 ஹெக்டர்தான். ஈரத்தில் அதன் பசுமையே வேறு. பலகைப் பாதை வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டாம்.

மழை வலுத்தால் மரத்தடியில் மட்டும் ஒதுங்காதீர்கள். மின்னல் ஒருபுறம் இருக்க, மரமே சாயலாம். 2017 பிப்ரவரியில் இதே தோட்டத்தில் 40 மீட்டர் உயரத் தெம்புசு மரம் விழுந்து ஒரு பெண் உயிரிழந்தார். (5 வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு வேறு, அது இன்னும் நிற்கிறது.) கூரையுள்ள கட்டடம் எங்கே என்பதை நுழையும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நம்மவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பூஜைக்கு நாலு பூ பறித்தால் என்ன என்று கை நீளும். பூங்காச் செடியில் பூப்பறிப்பது இங்கே சட்டப்படி குற்றம். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சரமாகவே கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளலாம்.