ஒரு நிமிட ஒலிப்பதிவை வைத்து ஒரு வார ஆங்கில வகுப்பு: புதிய ஆசிரியர்களுக்கு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டு முன்னறையில் ஆங்கில வகுப்பு தொடங்குகிற இளம் ஆசிரியர்கள் முதலில் கேட்பது, எந்தச் செயலி நல்லது என்பதைத்தான். செயலியைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு நிமிட ஒலிப்பதிவு ஒன்றைத் தேடுங்கள்.

நம் பிள்ளைகள் தரம் 3இலிருந்து ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் நிரப்புவார்கள். காலி வீதியில் ஒரு வங்கிக்குள் நுழைந்ததும், எதிரே இருப்பவர் சாதாரண வேகத்தில் கேட்கும் கேள்வி பிடிபடாமல் நின்றுவிடுகிறார்கள். கண் பழகிய அளவுக்குக் காது பழகவில்லை. வங்கியில் ஒருவரை நாலு முறை திரும்பச் சொல்லச் சொல்ல முடியாது. கைத்தொலைபேசியிடம் நாற்பது முறையும் கேட்கலாம். டிஜிட்டல் ஊடகம் நமக்குத் தரும் மிகப் பெரிய உதவி இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். ஆட்டுக்கான ஆங்கிலச் சொல்லையும் மேலங்கிக்கான சொல்லையும் அப்படி எழுதினால் இரண்டும் ‘கோட்’ என்றே வரும். அந்த வேறுபாட்டைத் தாளில் காட்ட முடியாது, கேட்கத்தான் வைக்க வேண்டும்.

படி 1: பதிவைத் தேர்ந்தெடுங்கள்

பிரிட்டிஷ் கவுன்சிலின் ‘லேர்ன் இங்கிலிஷ்’ தளத்தில் ஏ1 (தொடக்கநிலை) முதல் சி1 (உயர்நிலை) வரை நிலைவாரியாகக் கேட்டல் பயிற்சிகள் இருக்கின்றன. எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும். வாய்ஸ் ஒஃப் அமெரிக்கா 1959இல் தொடங்கிய எளிய ஆங்கில ஒலிபரப்பு, ஏறத்தாழ 1,500 சொற்களை அடிப்படையாகக் கொண்டு மெதுவாக வாசிக்கப்பட்டது. அந்தப் பாணிப் பதிவுகள் தொடக்க நிலைக்குப் பொருந்தும். பிபிசியின் ‘6 மினிட் இங்கிலிஷ்’ சாதாரண தரப் பரீட்சையைத் தாண்டியவர்களுக்கு ஏற்றது. அதிலும் ஆறு நிமிடத்தையும் ஒரே மூச்சில் போடாமல் ஒரு நிமிடத் துண்டை எடுங்கள். முதல் தடவையில் பாதியளவு புரிகிறதா என்று பாருங்கள். முழுவதும் புரிந்தால் பயிற்சி இல்லை. ஒன்றும் புரியாவிட்டால் பிள்ளை சோர்ந்துபோகும்.

காணொளியைவிட வெறும் ஒலியையே நான் பரிந்துரைப்பேன். படம் கதையைச் சொல்லிவிட்டால் காது ஓய்வெடுத்துக்கொள்ளும். டேட்டா செலவும் குறைவு, அது பெற்றோருக்கு முக்கியம்.

படி 2: நீங்களே ஒன்றைப் பதிவு செய்யுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. லண்டனில் நடக்கும் உரையாடலைவிட, பிள்ளைக்குத் தெரிந்த இடத்தில் நடப்பது எளிதில் ஒட்டிக்கொள்ளும். உதாரணத்துக்கு: பம்பலப்பிட்டி ரயில் நிலையத்தில் நிற்கும் ஒருவர், ரயிலைத் தவறவிட்டதைத் தெஹிவளையில் காத்திருக்கும் தோழியிடம் தொலைபேசியில் சொல்கிறார். அடுத்த ரயில் எத்தனை மணிக்கு, எந்த மேடை, டிக்கெட் என்ன விலை என்று பேச்சு போகிறது. எட்டு, பத்து வரிகள் போதும். எழுதி முடித்ததும் இன்னொரு குரலுக்கு ஒருவரை அழையுங்கள். ஒரே குரல் இரண்டு பேராக நடித்தால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

தொலைபேசியில் இருக்கும் குரல்பதிவு வசதியே போதுமானது. மின்விசிறியை நிறுத்துங்கள். வெறும் சுவர்கள் சூழ்ந்த கூடத்தில் எதிரொலிக்கும். திரைச்சீலையும் மெத்தையும் உள்ள படுக்கையறை நல்லது. தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். தெருவில் முச்சக்கரவண்டி போகும் சத்தம் சிறிது விழுந்தால் பரவாயில்லை, உண்மையான பேச்சு அமைதியில் நடப்பதில்லை. சொல் சொல்லாக நிறுத்தி வாசிக்காமல், பேசுவதுபோலப் பேசுங்கள்.

‘என் உச்சரிப்பு வெள்ளைக்காரர் உச்சரிப்பு இல்லையே’ என்று தயங்குபவர்கள் உண்டு. கொழும்பில் இந்தப் பிள்ளைகள் அதிகம் கேட்கப்போவது இலங்கையர் பேசும் ஆங்கிலத்தைத்தான். உங்கள் குரலும் பிபிசி குரலும் மாறி மாறி வரட்டும். தெளிவாகப் பேசினால் போதும்.

படி 3: வகுப்பில் மூன்று முறை

முதல் தடவை பேனா வேண்டாம். யார் பேசுகிறார்கள், எங்கே, மகிழ்ச்சியா கவலையா என்று மட்டும் கேளுங்கள். இரண்டாம் தடவை எண்களைத் தேடச் சொல்லுங்கள். ‘தேர்ட்டி’க்கும் ‘தேர்ட்டீனு’க்கும் எங்கே அழுத்தம் விழுகிறது என்று கவனிக்கவையுங்கள்: முப்பதில் முதல் அசையில் விழும், பதின்மூன்றைத் தனியாகச் சொல்லும்போது பெரும்பாலும் பின் அசையில் விழும். ரயில் நேரத்தில் இதைத் தவறவிட்டால் ரயிலையே தவறவிட நேரும் என்பது பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

மூன்றாம் தடவை, காதில் விழுந்த முக்கியச் சொற்களைக் குறித்துக்கொண்டு, இருவர் இருவராகச் சேர்ந்து உரையாடலை மீண்டும் எழுதட்டும். அதன் பிறகே எழுத்து வடிவத்தைக் கொடுங்கள். முன்கூட்டியே கொடுத்தால் கேட்டல் பயிற்சி வாசிப்புப் பயிற்சியாக மாறிவிடும். தாங்கள் எழுதியதை மூலத்தோடு ஒப்பிடும்போது, விடுபட்டவை பெரும்பாலும் மூச்சோடு விழுங்கப்பட்ட சின்னஞ்சிறு சொற்கள் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அந்த இடங்களை மட்டும் மறுபடி ஒலிக்கவிடுங்கள்.

யூடியூப் பதிவானால் வேகத்தை 0.75ஆகக் குறைக்கலாம், 0.5இல் குரல் இழுபட்டுப் பேச்சின் இயல்பே கெட்டுவிடும். தானியங்கி வசன எழுத்தை முதலில் அணைத்துவையுங்கள். அது தவறாகவும் எழுதும், குறிப்பாக நம் ஊர்ப் பெயர்களை.

படி 4: வீட்டில், வாட்ஸ்அப் வழியாக

நிர்வாகி மட்டும் செய்தி அனுப்பக்கூடியதாக ஒரு குழு அமைத்து, அதில் பதிவைப் போடுங்கள். வாட்ஸ்அப் கணக்கு வைத்திருக்கக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும்; சிறியவர்களுக்கு அம்மாவின் அல்லது அப்பாவின் தொலைபேசிதான். பிள்ளை தினமும் பதிவைக் கேட்டு, ஒருவரின் வரிகளைத் தன் குரலில் பேசி உங்களுக்குத் தனியாக அனுப்பட்டும். குழுவில் எல்லோர் முன்னும் பேசச் சொன்னால் கூச்சமுள்ள பிள்ளை அடியோடு நிறுத்திவிடும்.

திருத்தத்தையும் குரலாகவே அனுப்புங்கள். ஒரு தடவைக்கு ஒன்று போதும். ‘ஸ்கூல்’ என்பதற்கு முன்னால் ஓர் ‘இ’ வருகிறதா, சொல் முடிவில் ஓர் ‘உ’ ஒட்டுகிறதா, ‘ஃப்’ ஒலி ‘ப்’ ஆகிறதா? இந்த வாரம் இவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள்.

பெரிய பிள்ளைகள் தொலைபேசி விசைப்பலகையில் உள்ள குரல்வழித் தட்டச்சை ஆங்கிலத்தில் வைத்துப் பேசிப் பார்க்கலாம். ஆட்டைச் சொல்ல மேலங்கி திரையில் வந்தால், பிள்ளை தானே திருத்திக்கொண்டு மறுபடி முயலும். ஆனால் முழு வாக்கியமாகச் சொன்னால் கருவி சூழலைப் பார்த்து ஊகித்துவிடும். உச்சரிப்பு பிழையாக இருந்தாலும் சரியான சொல் வரலாம். ஆகவே அதை வைத்துப் புள்ளி போட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமைப் பதிவையும் அன்றைய பதிவையும் பிள்ளைக்கு அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். என்ன மாறியிருக்கிறது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். பிள்ளைகளின் குரலைப் பெற்றோரின் சம்மதமின்றி வேறு எங்கும் பகிர வேண்டாம். ஒப்பிட்டு முடிந்ததும் அழித்துவிடுங்கள். அடுத்த வாரத்துக்கு அதே ரயில் உரையாடலில் நேரத்தையும் மேடையையும் மாற்றிப் புதிதாகப் பதிவு செய்தாலே போதும். பழகிய சொற்களுக்கு நடுவே புதியவை இரண்டு மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.