போர்வெல் ஹேமர் பிட் வரைவது எப்படி? ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள்

"அம்மி கொத்தறதுங்கோ" என்று குரல் கொடுத்துக்கொண்டு தெருவில் போகிறவரை நீங்கள் நின்று கவனித்திருந்தால், போர்வெல் துளையின் அடியில் பாறையை அடித்து உடைக்கும் எஃகுத் தலையான ஹேமர் பிட் உங்களுக்குப் பாதி புரிந்த மாதிரி. உளியை வைத்து ஒரு தட்டு தட்டுவார், அரிசி அகலம் நகர்த்தி அடுத்த தட்டு. ஒரே இடத்தில் பத்து முறை தட்டினால் மாவுதான் மிஞ்சும். கொஞ்சம் தள்ளித் தட்டினால்தான் இரண்டு அடிக்கும் நடுவில் இருக்கிற கல் சில்லாகத் தெறிக்கும். பூமிக்குள் 300 அடியில் இருக்கிற பிட்டும் இதையேதான் செய்கிறது, உளிக்குப் பதில் பிட் முகத்தில் பதித்த கார்பைடு பட்டன், அதாவது எஃகைவிடக் கடினமான குமிழ், அவ்வளவுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் பிட் வரைவது என் பிழைப்பு. பாலிடெக்னிக் முடித்துவிட்டு வரும் பையன்கள் முதல் நாளே கம்ப்யூட்டரைத் திறந்து, பிட் முகத்தின் நடுவில் ஒரு பட்டனை வைத்து, அதைச் சுற்றி கோலம் போடுவதுபோல் வட்டம் வட்டமாக அடுக்குவார்கள். பார்க்க அழகாக இருக்கும். பாறையில் நிற்காது. பிட்டை வெளியிலிருந்து உள்ளே வரைய வேண்டும். ஏன் என்பது மூன்றாவது படியில் வரும்.

படி 1: எந்த மண், எந்த அளவு

சென்னை முழுக்க ஒரே பூமி இல்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணலில் இந்தப் பிட்டுக்கு வேலையே கிடையாது. அங்கே கைபோர் போதும், இல்லாவிட்டால் தண்ணீர் விட்டுச் சுழற்றித் துளைக்கிற ரோட்டரி. பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் பக்கம் வந்தால் கதை வேறு. மேல் மண்ணுக்குக் கீழே இருப்பது சார்னோகைட். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரான ஜாப் சார்னக்கின் கல்லறைக்குக் கல்கத்தாவில் வைத்த கல் இங்கிருந்து போனது. அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் சார்னக்கின் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். உலகம் முழுக்க நிலவியல் படிக்கிறவர்கள் சொல்லும் பெயர் நம்ம பல்லாவரத்துக் கல்லுக்கு வைத்ததுதான். கடினமான கல், பட்டனை வேகமாகத் தேய்க்கும்.

இந்த விளக்கத்துக்கு 6½ அங்குல பிட், அதாவது 165 மி.மீ. எடுத்துக்கொள்வோம். மேல் மண்ணில் பெரிய துளை போட்டு மண் சரியாமல் தாங்கும் 7 அங்குல கேசிங் பைப் இறக்கி, பாறை தட்டியதும் அதற்குள் இறங்குவது இந்தப் பிட்தான். கேசிங் பைப்பின் உள்விட்டத்தை வெர்னியர் வைத்து அளந்துகொள்ளுங்கள், பைப் மேல் அச்சடித்த அளவை நம்பாதீர்கள்.

படி 2: வாலைத் தொடாதீர்கள்

பிட்டின் பின்பாதி, அதாவது ஷாங்க், ஹேமருக்குள், அதாவது காற்றழுத்தத்தில் பிஸ்டன் ஓடும் உருளைக்குள், போய் உட்காரும் பகுதி. பிஸ்டன் நேராக அதன் தலையில் வந்து அடிக்கும். அந்த அடி, ரிக்கிலிருந்து இறங்கும் ராடு என்ற குழாய்கள் வழியாக வர வேண்டியதில்லை என்பதால்தான் ஆழம் போனாலும் இந்த முறையில் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. டிஹெச்டி 360, க்யூஎல் 60, காப் 64 என்று ஹேமருக்கு ஹேமர் ஷாங்க் மாறும். உங்களிடம் இருக்கும் ஹேமரின் வரைபடத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஷாங்கில் நீளவாட்டில் வெட்டிய பள்ளவரிகள், அதாவது ஸ்ப்லைன், முடிகிற மூலையில் இருக்கும் வளைவைக் கூர்மையாக்கினால் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். புதியவர்கள் கற்பனையை முகத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

படி 3: ஓரத்துப் பட்டன்கள்

வெளியிலிருந்து உள்ளே வரையச் சொன்னதற்கான கணக்கு இதோ. 165 மி.மீ. வட்டத்தில் வெளி ஓரமாக 20 மி.மீ. அகலத்துக்கு ஒரு வளையம் வரையுங்கள். உள்ளே மிஞ்சுவது 125 மி.மீ. வட்டம். 125-ஐ 165-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.57 வரும். ஆக, அந்த மெல்லிய வளையத்தில் மட்டும் மொத்தப் பாறையில் 43 சதவீதம் இருக்கிறது. போதாததற்கு, ஓரத்துப் பட்டன் அடியில் இருக்கும் பாறையையும் உடைக்க வேண்டும், பக்கச் சுவரிலும் உரசிக்கொண்டே சுற்ற வேண்டும். சுற்றும் வேகமும் அங்கேதான் அதிகம். எந்தத் தேய்ந்த பிட்டை எடுத்துப் பார்த்தாலும் நடுவில் இருப்பவை புதுசு மாதிரி இருக்கும், ஓரம் மொட்டையாகிப் போயிருக்கும்.

அதனால் முதலில் ஓரத்தை வரையுங்கள். 16 மி.மீ. பட்டன் 8, சம இடைவெளியில். இவற்றைத்தான் கேஜ் பட்டன் என்கிறோம். ஒவ்வொன்றின் அச்சும் வெளிப்பக்கமாக 35 டிகிரி சாய்ந்திருக்கட்டும். சாய்க்காமல் நேராக வைத்தால் பக்கச் சுவரை எஃகுதான் உரசும். பட்டனின் வெளி விளிம்பு எஃகு உடலைத் தாண்டி 1 முதல் 1.5 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிட் தலையின் பக்கவாட்டை ஷாங்கை நோக்கி மேலே போகப் போகக் கொஞ்சம் ஒடுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பிட் துளைக்குள் கார்க் மாதிரி இறுகிவிடும்.

பட்டன் வடிவம் பற்றி நிறைய வாதம் நடக்கும். கூர்முனை வேகமாக இறங்கும், அது உண்மைதான். ஆனால் சார்னோகைட்டில் கூர்முனை உடைகிறது. என் ஓட்டு அரைக்கோளத்துக்கு, ஓரத்தில் கண்டிப்பாக.

படி 4: உள்பக்கம்

நடுவில் வைக்கும் பட்டன்கள் 14 மி.மீ. போதும். எத்தனை வேண்டும் என்று கேட்காதீர்கள், இப்படிச் சோதியுங்கள். மையத்திலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு போடுங்கள். முகத்தில் இருக்கும் எல்லாப் பட்டனையும் சுழற்றிக்கொண்டு வந்து அந்த ஒரே கோட்டின் மேல் வையுங்கள். வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கோடு முழுவதும் மூடிக்கொள்ள வேண்டும். எங்காவது வெள்ளை தெரிந்தால், அந்த ஆரத்தில் பாறை வளையமாக உடையாமல் நின்று எஃகைத் தின்னும்.

சரியாக மையப்புள்ளியில் பட்டன் வைக்காதீர்கள். பிட் எவ்வளவு சுற்றினாலும் மையம் நகராது, அந்தப் பட்டன் ஒரே இடத்தைத்தான் குத்திக்கொண்டிருக்கும். சில மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். கடினப் பாறைக்கு முகம் தட்டையாக இருந்தால் போதும்.

படி 5: காற்றுக்கு வழி

உடைந்த சில்லு உடனே மேலே போகாவிட்டால் அடுத்த அடி பாறையில் விழாது, சில்லின் மேல்தான் விழும். ராடு 114 மி.மீ. என்றால் துளைக்கும் ராடுக்கும் நடுவிலுள்ள சந்தின் பரப்பு சுமார் 0.0112 சதுர மீட்டர். அந்தச் சந்தில் காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஏற வேண்டும் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 13.4 கன மீட்டர், அதாவது 470 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) சொச்சம் வேண்டும். தண்ணீர் ஊற்று வந்துவிட்டால் இன்னும் வேண்டும். கம்ப்ரஸர் இதற்கு மேல் கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொடுக்காவிட்டால் பிட்டை எப்படி வரைந்தும் பிரயோஜனமில்லை.

முகத்தில் இரண்டு காற்றுத் துளை, ஒவ்வொன்றிலிருந்தும் ஓரம் வரை ஒரு வாய்க்கால், அங்கிருந்து பக்கவாட்டில் மேலே ஏறும் பள்ளம். வாய்க்கால் கண்டிப்பாக இரண்டு கேஜ் பட்டனுக்கு நடுவில்தான் முடிய வேண்டும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் இரண்டாவதோ மூன்றாவதோ டிசைனில், வாய்க்கால் ஒரு கேஜ் பட்டனின் காலடியை உரசிக்கொண்டு போகிற மாதிரி வரைந்துவிட்டேன். திரையில் பார்க்கும்போது இடம் இருக்கிற மாதிரிதான் இருந்தது. தாம்பரத்தைத் தாண்டி ஒரு வீட்டுமனையில் இறக்கினார்கள். கல் தூளோடு போகும் காற்று பட்டனைச் சுற்றியிருந்த எஃகை மணல் அடித்த மாதிரி அரித்துவிட்டது. பட்டன் தேயவே இல்லை, பிடிமானம் போய் அப்படியே கழன்று துளைக்குள் விழுந்துவிட்டது. கார்பைடைக் கார்பைடால் உடைக்க முடியுமா? அடுத்து இறக்கிய புது பிட்டில் மூன்று பட்டன் போச்சு. திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டி, டிரில்லரும் அந்த ஊர்க்காரர். பிட்டை என் மேசையில் வைத்துவிட்டு, "பட்டன் நல்லாத்தானுங்க இருக்குது, வீடுதான் இடிஞ்சு போச்சு" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

படி 6: எஃகும் இறுக்கமும்

உடலுக்கு நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு. கடைசல் வேலை முடிந்து, ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்த பிறகுதான் பட்டன் துளையைக் கடைசி அளவுக்கு ரீமர், அதாவது துளையை நுணுக்கமாகச் செதுக்கும் கருவி, போட வேண்டும். முன்னாலேயே போட்டால் உலையில் அளவு மாறிவிடும். பட்டன் துளையைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும், அழுத்தித்தான் உள்ளே போக வேண்டும். அந்த வித்தியாசம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. குறைந்தால் பட்டன் கழன்று வரும், அதிகமானால் துளையைச் சுற்றி எஃகு விரியும். பட்டனின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு உடலுக்குள் இருக்கட்டும். துளையின் அடி தட்டையாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள். டிரில் முனை விட்டுப்போன கூம்புக் குழி இருந்தால் பட்டன் விளிம்பில் மட்டும்தான் உட்காரும், அடி வாங்க வாங்க இளகும்.

படி 7: சுழற்சி

பிட் தயார் என்று ரிக்குக்கு அனுப்பும்போது கூடவே ஒரு சுழற்சி வேகமும் எழுதிக் கொடுங்கள். 165 மி.மீ. பிட்டின் சுற்றளவு 518 மி.மீ. நிமிடத்துக்கு 20 சுற்று, பிஸ்டன் அடிப்பது 1500 முறை என்றால், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஓரத்துப் பட்டன் 7 மி.மீ. நகர்கிறது. 16 மி.மீ. பட்டனுக்கு ஏறக்குறைய பாதி அகலம், ஆரம்பிக்க நல்ல அளவு. அம்மி கொத்துகிறவருக்கு அரிசி அகலம், பிட்டுக்கு இது. மேலே வருவது வெறும் மாவாக இருந்தால் கொஞ்சம் வேகம் கூட்டச் சொல்லுங்கள். கேஜ் பட்டன் சீக்கிரம் தேய்கிறதென்றால் குறைக்கச் சொல்லுங்கள். எக்காரணம் கொண்டும் பின்பக்கமாகச் சுற்றக் கூடாது. ராடு மரை கழன்று ஹேமரும் பிட்டும் கீழேயே தங்கிவிடும்.

படி 8: திரும்பி வந்த பிட்

பட்டன் தலையில் தேய்ந்து தட்டையான இடம் பட்டன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆனதும் சாணை பிடிக்க வேண்டும். 16 மி.மீ. பட்டனுக்கு அது 5 மி.மீ.யைச் சற்றுத் தாண்டும். தேய்மானம் தெரியாமல் மேலே பாம்புத் தோல் மாதிரி மெல்லிய கோடுகள் மட்டும் தெரிந்தாலும் விடக் கூடாது, அந்தத் தோலைச் சாணையில் எடுத்துவிட வேண்டும். விட்டால் பட்டன் பிளந்துவிடும்.

ஆழமான துளைக்கு இரண்டு மூன்று பிட் போகும் என்றால் மூன்றையும் முன்கூட்டியே அளந்து, பெரியதை முதலில் இறக்கச் சொல்லுங்கள். 163 மி.மீ. ஆகிப்போன பிட் போட்ட துளையில் 165 மி.மீ. புதுப் பிட்டை இறக்கினால் வழியிலேயே சிக்கிக்கொள்ளும். அளவைப் பிட்டின் மேல் நம்பர் பஞ்சால் அடித்து வைக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. ஷாங்க் பக்கம் மட்டும் அப்படி அடிக்காதீர்கள், அந்தச் சின்னக் குழியிலிருந்தே விரிசல் ஓடும். பெயின்ட்டும் எண்ணெயில் நிற்பதில்லை. நான் ஒரு தகரத் துண்டில் விட்டத்தையும் தேதியையும் கீறி, கம்பியால் கட்டி அனுப்புகிறேன். இறக்கும் முன் கழற்றிக்கொள்கிறார்கள், பிட் திரும்பி வரும்போது பாதித் தகரங்கள் காணாமல் போயிருக்கும்.