சார்ரோக்களின் குதிரையேற்றம்: பார்ப்பவர்களும் பழகுபவர்களும் செய்யும் தவறுகள்

சார்ரெரியா மெக்சிகோவின் தேசிய விளையாட்டு. பெரும்பண்ணைகளில் மாடுகளையும் குதிரைகளையும் கட்டி மேய்த்தவர்களின் அன்றாட வேலையிலிருந்து வளர்ந்த கலை இது. இதில் ஈடுபடும் குதிரை வீரர்களே சார்ரோக்கள். 2016-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்பிடித்தது. மாடு, குதிரைகளை அடக்கிக் காட்டும் அமெரிக்கப் போட்டியான ரோடியோவைப் பார்த்துப் பழகிய கண்ணோடு இதைப் பார்க்க உட்காருவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. ரோடியோவில் பல போட்டிகளை நொடிக் கணக்குதான் தீர்மானிக்கிறது. இங்கே குழுவாக ஆடுகிறார்கள், செய்நேர்த்திக்குத்தான் மதிப்பெண்.

அடுத்தது, தாமதமாகப் போவது. மொத்தம் ஒன்பது போட்டிகள். காளைச் சவாரியும் ஓடும் குதிரையிலிருந்து சேணமில்லாத இன்னொரு குதிரைக்குத் தாவும் ‘மரணத் தாவலும்’ பிற்பாடுதானே என்று சாவகாசமாகப் போகிறவர்கள் முதல் போட்டியான காலாவைத் தவறவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த ஒன்றைப் பார்த்தாலே போதும். 60 மீட்டர் நீளப் பாதையில் நாலுகால் பாய்ச்சலில் வரும் குதிரை, 40 மீட்டர் விட்டமுள்ள வட்ட அரங்குக்குள் நுழைந்ததும் பின்னங்கால்களை மடக்கி, மண்ணில் கோடு கிழித்தபடி சறுக்கி நிற்க வேண்டும். பிறகு நின்ற இடத்திலேயே இருபுறமும் சுழல வேண்டும். கடைசியில் கோடு பிசகாமல் பின்னோக்கி நடக்க வேண்டும். அப்போது சவாரிக்காரரின் தொப்பியைப் பார்க்காதீர்கள், குதிரையின் வாயைப் பாருங்கள். வாயைப் பிளந்தாலோ தலையைத் தூக்கி உதறினாலோ மதிப்பெண் குறையும். வாலைச் சுழற்றினாலும் அப்படித்தான். குதிரை வலியிலோ எரிச்சலிலோ இருக்கிறது என்பதற்கு நடுவர்கள் கொள்ளும் அடையாளங்கள் இவை.

பழக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் தவறுவதும் இதே இடத்தில்தான். சார்ரோ இடது கையால் மட்டுமே லகானைப் பிடிப்பார். வலது கை கயிற்றுக்கு உரியது. அவர்கள் பயன்படுத்தும் கடிவாளத்தின் இரும்பு கடுமையானது. லேசாக இழுத்தாலே குதிரையின் வாய்க்குள் அழுத்தும். கை பழகாதவர்கள் பயத்தில் அதை வெடுக்கென்று இழுப்பதைப் பார்க்கவே பொறுக்காது. இளங்குதிரைகளை முதலில் இரும்பே இல்லாத மூக்குவாரில் பழக்குவது இந்த மரபின் அருமையான வழக்கம். அவசரப்பட்டு அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

சேணத்தின் முன்புறம் அகலமான மரக்கொம்பு ஒன்று இருக்கும். அது பிடித்துக்கொள்ளும் கைப்பிடி அல்ல. பியாலெஸ் என்ற போட்டியில், பாய்ந்தோடும் குதிரையின் பின்னங்கால்களில் சுருக்கு விழுந்ததும், கற்றாழை நாரில் முறுக்கிய கயிற்றை அந்தக் கொம்பில் சுற்றி, வழுக்கவிட்டு வழுக்கவிட்டு வேகத்தைத் தணிப்பார்கள். உராய்வில் மரத்திலிருந்து புகை கிளம்பும். கயிற்றைச் சுற்றும்போது கட்டைவிரல் மேல்நோக்கி நிற்க வேண்டும். கீழே மடங்கியிருந்தால் கயிற்றுக்கும் கொம்புக்கும் நடுவே விரல் சிக்கிக்கொள்ளும். இப்படி விரலை இழந்தவர்கள் உண்டு.

எட்டுப் பெண்கள் பக்கவாட்டுச் சேணத்தில் அமர்ந்து ஆடும் எஸ்கராமூசாவை இடைவேளை அலங்காரமாக நினைத்து எழுந்து போய்விடாதீர்கள். ஒருபக்கமாக உட்கார்ந்து, விரிந்த பாவாடையோடு, முழுப் பாய்ச்சலில் ஒருவர் பாதையை ஒருவர் குறுக்கே வெட்டிச் செல்கிறார்கள். இமைப்பொழுது தவறினாலும் குதிரைகள் மோதிக்கொள்ளும்.

இசைக்கேற்ப ஆடும் குதிரைகளின் காணொளிகளைப் பார்த்துவிட்டு ‘இதுதான் சார்ரெரியா’ என்பவர்களும் இருக்கிறார்கள். அது திருவிழாக்களுக்கு உரிய தனிக் கலை. மரியாச்சி என்ற மெக்சிகோ நாட்டார் இசைக்குழுவினர் சார்ரோ உடையைத்தான் அணிகிறார்கள். அதனால் அவர்கள் சார்ரோக்கள் ஆகிவிட மாட்டார்கள். அஸ்தேகா என்ற மெக்சிகோக் குதிரை இனம் 1972-இலிருந்து உருவாக்கப்பட்டது. ஆனாலும் போட்டிகளில் நீங்கள் அதிகம் காணப்போவது அமெரிக்காவின் குவார்ட்டர் இனக் குதிரைகளைத்தான்.

மங்கானா பற்றி வாய் திறக்காமல் இந்த மரபைப் புகழ்வதும் தவறுதான். ஓடும் குதிரையின் முன்னங்கால்களில் சுருக்கு வீசி அதை வீழ்த்துவது மங்கானா. விழும் குதிரைக்கு எலும்பு முறியலாம் என்ற எதிர்ப்பு நியாயமானது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா 1994-இல் குதிரையை இப்படி வீழ்த்துவதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. வேறு சில மாநிலங்களும் தொடர்ந்தன. எல்லைக்கு வடக்கே சார்ரோக்கள் காலில் சுருக்கு விழுந்ததும் கயிற்றைத் தளர்த்தி விட்டுவிடும் முறைக்கு மாறியிருக்கிறார்கள். அங்கே ஒரு போட்டியைப் பார்த்துவிட்டு, மெக்சிகோவிலும் இப்படித்தான் நடக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம்.