கிரெய்ன் தெரியட்டும், விளிம்பு கூர்மையாக வரட்டும்

கிரெய்ன், அதாவது பிலிம் படத்தில் தெரியும் வெள்ளித் துகள்களின் சொரசொரப்பு, குறைந்தால் படம் கூர்மையாகும் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். எச்பி5 என்ற கறுப்பு-வெள்ளை பிலிமை ஐடி-11 டெவலப்பரில் (பிலிமில் பதிந்த படத்தைத் தெரியவைக்கும் ரசாயனக் கரைசல்), தண்ணீர் சேர்க்காமல், ஏழரை நிமிடம் கழுவுவேன். கிரெய்ன் மென்மையாக வரும். ஆனால் வேப்பிலையின் பற்கள் மழுங்கியிருக்கும். அந்த டெவலப்பரில் லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்பைட் இருக்கிறது. அவ்வளவு செறிவில் அது வெள்ளித் துகள்களின் ஓரத்தைக் கொஞ்சம் கரைத்துவிடும்.

ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்தால் சல்பைட் 25 கிராமாக இறங்கும். அதோடு இன்னொன்றும் நடக்கிறது. வானம் மாதிரி வெளிச்சம் அதிகம் விழுந்த இடத்தில் நீர்த்த டெவலப்பர் சீக்கிரம் தீர்ந்துபோகும். நிழல் விழுந்த இடத்தில் தீராது. இரண்டும் சந்திக்கிற கோட்டில் தீராத டெவலப்பர் வானத்தின் ஓரத்துக்கு வந்து, நெகட்டிவில் கறுப்பாகத் தெரியும் அதை இன்னும் கறுப்பாக்கும். தீர்ந்தது நிழலின் ஓரத்துக்குப் போய் அதை வெளிறவைக்கும். அந்த வேறுபாட்டைத்தான் நம் கண் கூர்மை என்று பார்க்கிறது.

செய்து பார்க்க ஒரு ரோல் போதும். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, வானத்துக்கு எதிரே இலையோ மின்கம்பியோ தெரிகிற ஒரே காட்சியை ரோல் முழுக்க எடுங்கள். முழு இருட்டில் பிலிமை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் பழைய முறையில் கழுவுங்கள். மறுபாதிக்கு 150 மில்லி டெவலப்பர், 450 மில்லி தண்ணீர், 20 டிகிரியில் 20 நிமிடம். இரண்டு ரீல் (பிலிமைச் சுற்றிவைக்கும் சக்கரம்) பிடிக்கிற டேங்கில் ஒரு ரீல் மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் டெவலப்பர் பற்றாது. ஒருமுறை பயன்படுத்தியதைக் கொட்டிவிட வேண்டும்.

மே மாதம் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். 20 நிமிடத்தில் டேங்கும் சூடேறிவிடும். அதனால் ஐஸ் போட்ட பிளாஸ்டிக் டப்பில் டேங்கை உட்காரவைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்சரையும் கடைசியில் அலசும் தண்ணீரையும் அதே சூட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

வழக்கமாக நிமிடத்துக்கு நான்கு தடவை டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்துவோம். முதலில் அப்படியே செய்யுங்கள். அது சரியாக வந்த அப்புறம், முதல் நிமிடத்துக்குப் பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டே தடவை என்று குறைத்துப் பாருங்கள். விளிம்பு இன்னும் எடுத்துக் காட்டும். எனக்கு அப்போது 23 நிமிடம் தேவைப்பட்டது. ஒருமுறை டேங்கை அசைக்கவே இல்லை. பிலிம் ஓரத்துப் பல்லோட்டைகளுக்குக் கீழே பட்டை பட்டையாகக் கோடு விழுந்து, தங்கை கல்யாணத்தில் எடுத்த ஒரு ரோல் போய்விட்டது. முக்கியமான பிலிமில் அந்தச் சோதனை வேண்டாம்.

காய்ந்ததும் இரண்டு பாதிகளையும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவதில் கிரெய்ன் கூடியிருக்கும், இலையின் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக நிற்கும். அப்படி நிற்கவில்லை என்றால் எக்ஸ்போஷர் கூடிப்போச்சா என்று முதலில் பாருங்கள். ஒளி அதிகமானால் அது பிலிமில் ஒளி பதியும் பூச்சான எமல்ஷனுக்குள்ளேயே சிதறி ஓரத்தைக் கலைத்துவிடும். டெவலப்பரை எவ்வளவு நீர்த்தாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.